பலெர்மோவின் பழைய நகரில் எங்கே சாப்பிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் வெளியான இத்தாலிப் பயணக் குறிப்பை வாசித்தேன். சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவைப் பற்றி அதில் எழுதியவர், பழைய நகரின் தேவாலயங்களையும் அரண்மனைகளையும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எம்மவர் வீடுகளுக்குத் திரும்பிவிடுவதே நல்லது என்றும், மச்சம் உண்ணாதவர்களுக்கு அங்கே பாணும் பழமும் தவிர வேறொன்றும் அகப்படாது என்றும், வெளியில் சாப்பிட்டே ஆகவேண்டுமானால் பெருவீதியோரத்து உணவகங்களே நம்பத்தக்கவை என்றும் கூறியிருந்தார். இம்மூன்றையும் மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். என் தங்கையின் குடும்பம் நெடுங்காலமாக அந்நகரில் வாழ்வதால் அங்கு போய்த் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்து வருகிறது. நான் மரக்கறி மட்டுமே உண்பவள்; என் கணவர் மீன் உண்பவர், இறைச்சி தொடாதவர். இருவருமே பழைய நகரின் ஒழுங்கைகளில் வயிறார உண்டிருக்கிறோம்.

இது சுற்றுலா விரும்பிகள் சிலரது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 1980களிலிருந்து எமது மக்கள் குடியேறி வாழ்ந்துவரும் நகரம் பலெர்மோ. மொந்தே பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனித ரோசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவர்களும் நேர்த்தி வைத்து ஏறிச் செல்வதை அந்நகரத்தார் நன்கு அறிவர். பிள்ளைகளைப் பார்க்கவும் பேரப்பிள்ளைகளின் விசேடங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து போகும் தாய் தந்தையருள் பலர், மிளகாய்த்தூளையும் அரிசிமாவையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய், திரும்பும் நாள்வரை பிள்ளை வீட்டுக்கு வெளியே ஒரு வாய்கூட உண்ணாமல் வந்து சேர்கிறார்கள். அப்பிள்ளைகளோ காலையில் வேலைக்குப் போய் மாலையில் களைத்து வருபவர்கள். அவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு பெற்றோரை நகரம் காட்டக் கூட்டிச் செல்லும் ஒரு நாளிலும், மதியச் சாப்பாட்டுக்காகப் பாதி வழியில் வீடு திரும்ப வேண்டியிருப்பது எவ்வளவு வீண் அலைச்சல் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தங்கள் பத்திரிகையை நம்பி வாசிக்கும் அத்தகைய பெற்றோருக்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பழைய நகரின் நடுவில் குவாத்ரோ கான்தி என்னும் நாற்சந்தி இருக்கிறது. வியா மக்வேதா, கோர்சோ வித்தோரியோ எமானுவேலே ஆகிய இரு நீண்ட வீதிகள் அங்கே ஒன்றையொன்று வெட்டிச் சென்று பழைய நகரை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. பயணக் குறிப்பு எழுதியவர் சொன்ன உணவகங்கள் பெரும்பாலும் இவ்விரு வீதிகளின் ஓரத்திலேயே இருக்கின்றன. பல மொழிகளில் அச்சிட்ட படத்தோடு கூடிய பட்டியலை வாசலில் நிறுத்தி, வழிப்போக்கர்களைக் கைகாட்டி அழைக்கும் இடங்கள் அவை. இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை என்று அறிந்து சமைக்கும் இடத்தைவிட, அயலவர் நாள்தோறும் வந்து உண்ணும் இடமே நம்பத்தக்கது. அத்தகைய இடங்கள் பெருவீதியிலிருந்து இரண்டொரு ஒழுங்கை உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

அவற்றுள் முதலில் சொல்லவேண்டியது பல்லாரோ சந்தை. அல்பெர்கேரியா என்னும் குறிச்சியில், காசா புரொபெஸ்ஸா தேவாலயத்தின் அருகிலிருந்து கோர்சோ துக்கோரி வரை ஒடுங்கிய வீதிகளில் நீண்டு கிடக்கிறது இச்சந்தை. 831ஆம் ஆண்டில் அரபியர் பலெர்மோவைக் கைப்பற்றிய பின், 1072இல் நோர்மன்கள் வந்து சேரும்வரை அவர்கள் ஆட்சியே அங்கு நிலவியது. கத்தரிக்காய், கரும்பு, தோடை, எலுமிச்சை, நெல் ஆகியவை அத்தீவில் பரவியது அக்காலத்தில்தான் என்பர். பத்தாம் நூற்றாண்டில் அங்கு போன அரபுப் பயணி இப்னு ஹௌக்கலும் அந்நகரின் சந்தைகளை விவரித்திருக்கிறார். இந்த வரலாற்றை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலெர்மோவின் ஏழை எளியவர் உணவில் கடலை, கத்தரி, பூசணி வகைகள், கீரை ஆகியவற்றுக்கு இருக்கும் இடத்தை அறிந்தால், அந்நகரில் மரக்கறி உண்பவர் பட்டினி கிடப்பார் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

பல்லாரோவில் எமக்கு மிகவும் பொருந்துவது பொரியற் கடைகள். அங்கே பனெல்லே என்றொரு பலகாரம் செய்கிறார்கள். கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பிட்டு, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டிக் களியாக்குவார்கள். அடிப்பிடிக்காமல் திரண்டு வந்ததும் பொடியாக அரிந்த பார்ஸ்லி இலையைச் சேர்த்து, மெல்லிய படையாகப் பரப்பி ஆறவிடுவார்கள். ஆறிய களியைத் துண்டங்களாக வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கேட்ட பின்னர்தான் அது கொதிக்கும் எண்ணெய்க்குள் போகும். போட்ட உடனே தாழ்ந்து, பிறகு ஓரங்கள் உப்பி, பொன்னிறமாக மேலே மிதந்து வரும். கடைக்காரர் அகப்பையால் வாரி எண்ணெயை வடியவிட்டு, எள்ளுத் தூவிய உருண்டைப் பாணைப் பிளந்து ஐந்தாறு துண்டங்களை உள்ளே வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தாளில் சுற்றித் தருவார். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கூழ்ப்பதமுமாக இருக்கும் அந்தப் பலகாரத்தைச் சூட்டோடு உண்ணவேண்டும். ஆறினால் தோல் தடித்துவிடும். அதனுடனே கசில்லி என்னும் உருளைக்கிழங்குப் பொரியலையும் கேட்டு வாங்கலாம். இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்கு மதியச் சாப்பாடு நிறைந்துவிடும். செலவோ சில யூரோக்கள்தான். சில கடைகளில் இதே எண்ணெயில் மீனும் பொரிப்பதுண்டு. பாணின் மாவிலும் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். ஆகவே விரதகாரர் இவ்விரண்டையும் முதலிலேயே கேட்டு அறிந்துகொள்வது நல்லது. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

கோடை காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. சிசிலியில் பயிராகும் நீண்ட, வெளிர்பச்சைச் சுரைக்காய், எமது வளவுச் சுரையின் இனமே. பார்வைக்கு மட்டும் புடலங்காய் போல நீண்டிருக்கும். அதன் கொடித்தளிரையும் இளம் இலைகளையும் தெனெரூமி என்று கட்டுக்கட்டாக பல்லாரோவில் விற்கிறார்கள். உள்ளியும் தக்காளியும் சேர்த்து அத்தளிர்களை அவித்து, ஸ்பகெற்றியை முறித்துப் போட்டுச் சாறோடு பரிமாறுவது அவ்வூரின் கோடைகால வீட்டுச் சமையல். சந்தையை ஒட்டிய சிறிய சாப்பாட்டுக் கடைகளிலும் இது கிடைக்கும். வாசலில் சுண்ணக்கட்டியால் எழுதிய அன்றைய பட்டியலில் இப்பெயரைக் கண்டால் தயங்காமல் உள்ளே போகலாம். வயது சென்றவர்களின் வயிற்றுக்கு இதைவிட இதமான உணவை நான் அந்நகரில் உண்டதில்லை. ஆனால் குளிர்காலத்தில் போய்க் கேட்டால் இருக்காது.

கத்தரிக்காயைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். பொரித்த கத்தரிக்காய்த் துண்டங்களோடு செலரித் தண்டு, ஒலிவ் காய், தக்காளி ஆகியவற்றைச் சேர்த்து, வினாகிரியும் சீனியுமிட்டுப் புளிப்பும் இனிப்புமாக ஆறவைத்துப் பரிமாறும் கப்பொனாத்தா ஏறக்குறைய எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் உண்டு. கத்தரிக்காயைத் தக்காளிக் குழம்போடும் பாற்கட்டியோடும் அடுக்கி வேகவைக்கும் பார்மிஜானாவும், கத்தானியா நகரிலிருந்து வந்து தீவெங்கும் பரவிய, பொரித்த கத்தரிக்காய் சேர்ந்த நோர்மா பாஸ்தாவும் மச்சம் சேராதவை. பாற்கட்டி வகைகளை உறையவைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துவது அங்கு வழக்கமாதலால், கடும் நியமமுள்ளவர்கள் பாற்கட்டியை முற்றாக விலக்குவதே சரி.

அதேபோல, மச்சம் ஒளிந்திருக்கும் இடங்களையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அரன்ச்சீனா என்னும் சோற்று உருண்டையைக் கண்டதும் எம்மவர் மனம் அதில் செல்லும். அதில் இறைச்சிக் குழம்பு அடைத்தது ஒருவகை. வெண்ணெய் உருண்டை என்று பெயர்பெற்ற மற்ற வகையிலும் பெரும்பாலும் பன்றித் தொடை இறைச்சி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கீரை அடைத்த வகை சில கடைகளில் கிடைக்கும், அதையே கேட்கவேண்டும். மார்கழியில் போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. டிசம்பர் 13ஆம் திகதி, புனித லூசியாளின் திருநாளன்று, முன்னொரு காலத்துப் பஞ்சம் தானியக் கப்பல் வந்து தீர்ந்ததை நினைந்து, பலெர்மோ மக்கள் பாணும் பாஸ்தாவும் உண்ணாமல் சோற்று உருண்டைகளையும் அவித்த கோதுமையையும் உண்பார்கள். அன்று கடைகளில் வழக்கத்தைவிட அதிக வகைகள் கிடைக்கும். மூன்று சில்லு வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக் கூவி விற்கும் ஸ்பின்ச்சோனே என்னும் தடித்த பாண், மேலுக்கு வெங்காயமும் தக்காளியும் மட்டுமே பூசியதாகத் தோன்றும். அதற்குள் உப்பிட்ட நெத்தலி கரைந்திருக்கும். அதன் மணத்துக்கு மயங்கிவிட வேண்டாம். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால், பரிமாறுபவர் நெத்தலியையும் பன்றித் தொடையையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். இறைச்சி, மீன், நெத்தலி, பன்றித் தொடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்லி விலக்கவேண்டும். பிள்ளைகள் இத்தாலிய மொழியில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பெற்றோர் தனியே போயும் சாப்பிடலாம்.

மாட்டிறைச்சி விலக்குவோருக்கு ஒரு வார்த்தை. பழைய நகரின் மிகப் புகழ்பெற்ற தெருவுணவு, கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, பன்றிக் கொழுப்பில் வதக்கிப் பாணில் வைத்துத் தருவது. புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு எதிரே 1834ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்திக்கா பொக்கச்சேரியா என்னும் கடை அதற்குப் பேர்போனது. பழைய கடையைப் பார்க்கும் ஆசையில் போகிறவர்கள் போகலாம். பனெல்லேயும் அங்கே உண்டு. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் போதும். நெருப்பில் சுட்டு விற்கும் ஸ்திக்கியோலா ஆட்டுக்குடலாகும்.

மீன் உண்பவர்களுக்கு பலெர்மோ பெரும் பேறு. சூடை மீனையும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையையும் வெங்காயத்தோடு வதக்கி, குங்குமப்பூ, உலர்ந்த திராட்சை, பைன் விதை ஆகியவற்றைச் சேர்த்து, வறுத்த பாண் தூளை மேலே தூவித் தரும் பாஸ்தா அந்நகரின் தலைசிறந்த உணவு என்பது என் கணவரின் தீர்ப்பு. பாற்கட்டி வாங்க இயலாத வீடுகளில் பாண் தூளைத் தூவும் வழக்கம் உண்டாகி, அதுவே நிலைத்துவிட்டதாம். தழை பசுமையாகக் கிடைக்கும் இளவேனிலில்தான் இது முழுச் சுவையோடு இருக்கும். மார்ச் 19இல் வரும் புனித சூசையப்பர் திருநாளையொட்டிய நாட்களில் எல்லாக் கடைகளிலும் சமைப்பார்கள். இதை உண்ண நான் பரிந்துரைப்பது தியாத்ரோ மாசிமோ நாடக அரங்குக்குப் பின்புறமாக, போர்த்தா கரீனி வாயிலிலிருந்து தொடங்கும் கப்போ சந்தைப் பகுதியை. அங்கே கடைகள் நெருக்கமாக இருந்தாலும் பல்லாரோ அளவுக்கு இரைச்சல் இல்லை.

ஆனால் முழு மீன் கேட்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். இத்தாலியில் பல உணவகங்கள் முழு மீனின் விலையை 100 கிராமுக்கு இவ்வளவு என்றே பட்டியலில் அச்சிடும். எம் உறவினர் குடும்பம் ஒன்று பேராலயத்துக்கு அண்மையிலுள்ள ஓர் உணவகத்தில், பரிமாறுபவர் காட்டிய மீனுக்குத் தலையசைத்துவிட்டு, கணக்குச்சீட்டு வந்தபோது திகைத்துப்போனது. எடையைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல்லும் கூறப்படவில்லை. மொழி தெரியாத முதியவர்களிடம் அவ்வாறு நடந்துகொண்டது நியாயமன்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மீனை அடுப்பில் ஏற்றுமுன் நிறுத்துக் காட்டச் சொல்லி, மொத்த விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் ஓர் உணவின் பெயருக்கு அருகே நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைநிலையில் வைத்த பொருள் என்று அறியலாம்.

ஏனைய நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையில் அமர்ந்தாலே ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கைக் கட்டணமாகச் சேரும். அது ஏமாற்று அன்று, பட்டியலில் எழுதியிருப்பார்கள். போத்தல் தண்ணீருக்கும் விலை உண்டு. கோப்பிக் கடைகள் பலவற்றில் முதலில் காசாளரிடம் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டிய பின்தான் கோப்பி தருவார்கள். நின்று குடித்தால் மலிவு. மதியச் சாப்பாடு ஒரு மணிக்குமேல், இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குமேல் என்பது அவ்வூர் வழக்கம். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. இடைநேரத்தில் பொரியற் கடைகளும் கோப்பிக் கடைகளும் திறந்திருக்கும். ஆகஸ்ட் 15ஐச் சுற்றிய நாட்களில் குடும்பமாக நடத்தும் கடைகள் பல பூட்டியிருக்கும். வுச்சிரியா சந்தை இப்போது இரவில்தான் களைகட்டுகிறது. இரைச்சலும் நெரிசலும் மிகுந்த அவ்விடத்துக்கு முதியவர்களைக் கூட்டிச் செல்ல வேண்டாம். வாங்கிய பொட்டலத்தோடு இருந்து உண்ண இடம் தேடுபவர்களுக்கு, பியாத்சா மரீனாவில் ஆலின் இனத்தைச் சேர்ந்த மாபெரும் மரம் விழுதூன்றி நிற்கும் பூங்கா இருக்கிறது. அங்கே நிழலுக்குக் குறைவில்லை.

இனிப்புகளில், குழல் போன்ற பொரித்த கூட்டுக்குள் இனிப்பிட்ட பாற்கட்டியை அடைத்துத் தரும் கனோலியின் கூடு பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் வைனும் சேர்ந்த மாவாலானது. இதைச் சொல்லாமல் எம் பெண்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்களைக் கண்டு எனக்கு மிகுந்த மனவருத்தம். மாறாக, கோடையில் வத்தகப்பழச் சாற்றை மாப்பொருளிட்டுக் காய்ச்சி, மல்லிகை மணமும் கறுவா மணமும் ஊட்டிக் குளிரவைக்கும் களி ஒன்று உண்டு. விலங்குப் பொருள் சேராத அதை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். எலுமிச்சையிலும் பாதாமிலும் செய்யும் கிரனீத்தா என்னும் பனித்துருவல் இனிப்பும் அவ்வாறே. பியாத்சா பெல்லினியில் உள்ள புனித கத்தரினாள் மடத்துக்குள், கன்னியர் மடங்களின் பழைய செய்முறைப்படி இனிப்புச் செய்து விற்கும் கடையில் பாதாம் இனிப்புகள் மிக நேர்த்தியானவை.

பாணும் பொரியலும் சலித்து ஒரு வாய் உறைப்புக்கு ஏங்குகிறவர்களும் பழைய நகரை விட்டுப் போகவேண்டியதில்லை. பல்லாரோவில் 2014இல் பல நாட்டவர் கூடித் தொடங்கிய மோல்டிவோல்டி என்னும் உணவகம் சிசிலிய உணவோடு பிற நாட்டு உணவுகளையும் பரிமாறுகிறது. குடியேறியவர்களும் ஊரவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் இடம் அது. எம் பெற்றோர் கூச்சமின்றி அமரக்கூடிய இடமும்கூட.

ஆசிரியர் அவர்களே, பலெர்மோவின் உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் எம் பிள்ளைகள், எந்தக் கடையில் எந்த எண்ணெய், எந்தப் பாணில் எந்தக் கொழுப்பு என்பதை என்னைவிடப் பன்மடங்கு நன்றாக அறிவார்கள். ஒரு வாரம் வந்து பார்த்துப் போனவரின் குறிப்பை மட்டும் அச்சிட்டு நிறுத்தாமல், அங்கு வாழும் வாசகர்களிடமிருந்தும் இது குறித்த கடிதங்களைக் கேட்டுப் பெற்று, கோடை விடுமுறைப் பயணங்கள் தொடங்குமுன் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
கொக்குவில், யாழ்ப்பாணம்.